இரண்டு ஊருக்கும் இல்லாதவள்

ஓடைப்பேரி விலக்கில் டவுன் பஸ் நின்றபோது, வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே இரண்டு பேர் புது பிளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேனரில் நர்ஸ் சீனித்தாய் கைகூப்பிச் சிரித்தாள். 'பத்தாண்டுகளாகத் தாய் இறப்பே இல்லாத துணை சுகாதார நிலையம்! கேடயம் பெற்ற எங்கள் செவிலியர் அம்மாவை வாழ்த்தி மகிழும் ஊர்ப் பொதுமக்கள்' என்று கீழே எழுதியிருந்தது. ஜன்னலோரம் இருந்த செல்வமாரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. செல்போனை எடுத்து ஒரு படமும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மகன் பிறந்தபோது பதினான்கு மணி நேரம் பக்கத்தைவிட்டு நகராமல் நின்றவள் சீனித்தாய். அந்த மனுஷிக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கேடயம் கொடுப்பது?

பஸ் நாலு கிலோமீட்டர் தாண்டி, உளுந்து காய்த்து நின்ற கரிசல் காட்டுக்குள் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாண்டிச்செல்வி செத்து இன்னும் எட்டு வருஷம் முடியவில்லை.

பாண்டிச்செல்வி அவளுடைய தங்கை. புளியனேந்தலில் விஜயராஜுக்குக் கட்டிக் கொடுத்த பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடான ஓடைப்பேரிக்கு வந்திருந்தாள். 2016 மாசி மாதம், காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்த நேரம். விடியற்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. எட்டு மணிக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. கோவில்பட்டிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. ஊர் எல்லையைத் தாண்டி டவுனைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது. வண்டி போய் நின்ற இடம் டவுன் ஆஸ்பத்திரி என்பதால் சாவு நகராட்சிப் பதிவேட்டில் ஏறியது. வந்தவர்கள் எல்லோரும் 'அவ விதி' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு ஒரு பாட்டில் ரத்தம் கிடைக்காததற்கு நம் ஊரில் விதி என்று பெயர்.

செல்வமாரி கோவில்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிறாள். தாலுகா ஆபீஸுக்குப் போகும் தெருவில் பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின், சுவரெல்லாம் மாதிரிப் படிவங்கள். எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனவள். பிறகு பிடிவாதமாகப் படித்து பிளஸ் டூ முடித்து, டைப்பிங் பழகி, இந்த இடத்துக்கு வந்தாள். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பிறப்புச் சான்று, இறப்புச் சான்று என்று சுத்துப்பட்டு ஊர்களின் பிறப்பும் சாவும் அவள் விரல் வழியாகத்தான் போகும். வருகிறவர்களிடம் ஓயாமல் ஒன்றைச் சொல்லுவாள்: "அண்ணாச்சி, படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீய."

ஆகவே பேனரைப் பார்த்த அன்று அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. எழுத்துப் பிழை, விடுபட்ட பதிவு, தப்பான தேதி, இதெல்லாம் அவளுக்குத் தினசரிச் சோறு. திருத்த மனு போட்டால் சரியாகிவிடும். சாயங்காலமே சீனித்தாய்க்குப் போன் போட்டாள்.

"வாழ்த்துக்கள் அக்கா. பேனர் பாத்தேன். ஆனா நம்ம பாண்டிச்செல்விய விட்டுட்டாவ போலிருக்கே?"

"அது புளியனேந்தல் கணக்குல்லா மாரி. கட்டிக் கொடுத்த பிள்ளை. அங்கன உள்ள நர்சு எழுதியிருப்பா."

புளியனேந்தல் நர்ஸ் புதிதாக வந்தவள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவிய ஏழாம் மாசமே வளைகாப்பு முடிஞ்சு ஓடைப்பேரிக்குப் போயிட்டாவன்னு இருக்கு. அதோட இங்கன பேரு கழிஞ்சிருச்சு. ஓடைப்பேரில்லா காட்டணும்?" என்றாள்.

ஒவ்வொரு நர்சும் மாசாமாசம் மேலே அனுப்புகிற அறிக்கையில் 'தாய் இறப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பிரசவத்திலோ, பெற்ற நாற்பத்திரண்டு நாளுக்குள்ளோ ஒருத்தி செத்தால் அதில் எண் ஏறவேண்டும். ஏறினால் விசாரணை வரும்: வண்டி ஏன் தாமதம், ரத்தம் ஏன் இல்லை, அன்றைக்கு டாக்டர் எங்கே போனார் என்று கேட்பார்கள். செத்தவளுக்கு அதனால் பயன் இல்லை. அடுத்து வருகிறவளுக்கு உண்டு. அந்தக் கட்டத்தை எந்த ஊர் நர்ஸ் நிரப்புவது என்பது, செத்தவள் எந்த ஊர்க்காரி என்பதைப் பொறுத்தது.

தங்கையின் சாவு ஏன் எந்த ஊர்க் கணக்கிலும் ஏறவில்லை என்று கேட்டுச் செல்வமாரி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். நாற்பது நாள் கழித்து மூன்று தாள் வந்தது. முதல் தாளில் விஜயராஜின் வாக்குமூலம்: 'என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்காக அவளுடைய தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இறக்கும்போது அவள் எங்கள் ஊரில் வசிக்கவில்லை.' இரண்டாவது தாளில் இன்னொரு வாக்குமூலம்: 'பாண்டிச்செல்விக்கு மணமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவளது ரேஷன் கார்டும் ஓட்டும் புளியனேந்தலில் உள்ளன. அவள் ஓடைப்பேரியில் வசிப்பவள் அல்ல.' மூன்றாவது தாள் வெறும் முகப்புக் கடிதம்.

இரண்டாவது வாக்குமூலத்தின் கீழே இருந்தது செல்வமாரியின் கையெழுத்து.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம். சீனித்தாய் அழுத கண்ணோடு வந்து, "ஒரு கையெழுத்துப் போடு மாரி, சான்று சீக்கிரம் வந்துரும்" என்று தாளை நீட்டினாள். செல்வமாரி படித்துப் பார்த்துத்தான் போட்டாள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கட்டிக் கொடுத்த பெண் மாப்பிள்ளை ஊர்க்காரி. இதை இந்தச் சீமையில் யார் மறுப்பார்கள்? பிள்ளை பெற வந்தவள் தாய் வீட்டுப் பொறுப்பு. இதைத்தான் யார் மறுப்பார்கள்? இரண்டு நிஜத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, நடுவில் அவளுடைய தங்கையை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அவள் கை.

அன்று அவள் மையத்தை மத்தியானமே பூட்டினாள்.

மறுநாள் இன்னொரு கேள்வி கூட வந்தது. தங்கை ஒருத்திதானா?

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய சாவின் காரணம் கேட்டால் பிறத்தியாருக்குக் காட்டமாட்டார்கள். ஆனால் கட்டணம் கட்டினால் பதிவேட்டில் பெயரும் தேதியும் தேடிப் பார்க்கலாம். செல்வமாரிக்குத் தேதியே போதும். பிறப்புப் பதிவேட்டில் தாயின் பெயர் இருக்கும். இறப்புப் பதிவேட்டில் பதினெட்டிலிருந்து நாற்பது வயது வரை செத்த பெண்கள் பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பிள்ளை பெற்ற நாற்பத்திரண்டு நாளுக்குள் எந்தத் தாயின் பெயர் சாவுப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்தால் முடிந்தது. காரணத்தை யாரும் சொல்லவேண்டியதில்லை.

சனிக்கிழமைதோறும் கிளம்பினாள். இருபத்து மூன்று ஊர்ப் பதிவேடுகள், கூடவே டவுன் நகராட்சிப் பதிவேடு, பதினெட்டு வருஷம். கிராம நிர்வாக அலுவலர்கள் பாதிப் பேர் ஆன்லைன் வேலைக்கு அவளிடம் வந்து நிற்பவர்கள். அதனால் கதவு திறந்தது. பழைய பதிவேடுகள் கரையான் அரித்து, பிரித்தால் கரிசல் மண் மாதிரி உதிர்ந்தன. இடைசெவலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுக்கொண்டே போவாள். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கும் அவள் புருஷன் மணிகண்டபிரபு ஒருநாள் சொன்னான்:

"வீட்டுல உயிரோட ஒருத்தன் கெடக்கேன். ஒன் நோட்டுல ஏறணும்னா நான் செத்தாத்தான் உண்டு போல."

"நீங்க ஏறமாட்டீய. அதுக்கு மொதல்ல பிள்ளை பெறணும்" என்றாள் செல்வமாரி. நிறைய நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது.

பத்து மாதம் கழித்துக் கணக்கு முடிந்தது. முன்பாதி ஒன்பது வருஷத்தில் ஐயாயிரம் பிரசவம், செத்த தாய்மார் ஏழு பேர்; அரசுப் பட்டியலில் ஆறு. பின்பாதி ஒன்பது வருஷத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பிரசவம், செத்தவர்கள் ஐந்து பேர், பட்டியலில் ஒன்று. காகிதத்தில் ஆறு ஒன்றாகியிருந்தது. அதற்குத்தான் கேடயம். நிஜத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, ஒன்றேகாலுக்கு வந்திருந்தது. அவ்வளவுதான் இறக்கம். ஐந்தாறு சாவை வைத்து ஒரு சீமையையே எடைபோட முடியாது என்று செல்வமாரிக்கும் தெரியும். மாவட்டம் முழுக்க எண் இறங்கியது பொய் என்று அவள் சொல்லவில்லை. தன் கண்ணெதிரே இருந்த இருபத்து மூன்று ஊரைத்தான் சொன்னாள்.

எண்ணிக்கையைவிட அவளை உலுக்கியது வேறு ஒன்று. பின்பாதியில் பட்டியலில் ஏறிய அந்த ஒருத்திக்கு மூன்றாவது பிரசவம். புருஷன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள். விடுபட்ட நால்வருக்கும் தலைப்பிரசவம். நால்வரும் தாய் வீட்டுக்கு வந்தவர்கள். நால்வர் பெயரும் ஓர் ஊர்ப் பதிவேட்டில் 'அனுப்பப்பட்டார்' என்றும் இன்னோர் ஊர்ப் பதிவேட்டில் 'வந்து போனவர்' என்றும் கிடந்தது. வளையல் அடுக்கி, ஐந்துவகைச் சோறு ஆக்கி, கொண்டாடி அனுப்புகிறோமே, அந்தப் பயணத்தின் நடுவில் ஒரு பெண் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போகிறாள் என்பதைக் கேடயத்துக்கு ஆசைப்பட்டவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

நால்வரில் இன்னொருத்தி உமாதேவி. அவளும் ஓடைப்பேரிப் பெண். கீழத்தெரு சோலைமுத்துவின் மகள். 2018. அதே ரத்தப்போக்கு. அதே ரோடு.

செல்வமாரி துணை சுகாதார நிலையத்துக்குப் போனபோது சீனித்தாய் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் கேடயம் பளபளத்தது. செல்வமாரி தாளை நீட்டினாள்.

"இது என்னக்கா?"

சீனித்தாய் வாங்கிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. "ஏட்டி, உன் கையெழுத்துத்தான?"

"என் கையெழுத்துத்தான்."

"படிச்சுப் பாத்துத்தான போட்ட? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதவ நீ."

"படிச்சேன். இது எதுக்குப் போவுதுன்னு நீங்க சொல்லலியே."

"நீ கேக்கலியே."

சீனித்தாயே தொடர்ந்தாள்: "எம்மேல கோவப்படுத. அன்னைக்கு அஞ்சு ஊருக்கு நான் ஒருத்தி. வண்டி அம்பது நிமிசம் கழிச்சு வந்ததுக்கு நானா பொறுப்பு? ஒரு சாவு காட்டினா ஏழு மீட்டிங்கு. எல்லாத்துலயும் நிக்க வச்சு, 'நீ என்னம்மா புடுங்கிக்கிட்டு இருந்த?'ன்னுதான் கேப்பாவ. வண்டிக்காரன கேக்கமாட்டாவ, டாக்டர கேக்கமாட்டாவ. நர்சுதான் ஆப்புட்டா."

"அதத்தான் எழுதியிருக்கணும். அஞ்சு ஊருக்கு ஒரு நர்சு, வண்டி லேட்டு, ரத்தம் இல்லன்னு எழுதியிருந்தா நானே உங்க பக்கம் வந்து நின்னிருப்பேன். எழுதலியே. ரெண்டு வருசம் கழிச்சு உமாதேவிக்கு வண்டி எத்தன நிமிசத்துல வந்துச்சுக்கா?"

சீனித்தாய் அடுத்த குழந்தையைத் தூக்கித் தராசில் வைத்தாள். "நாலு கிலோ இருநூறு" என்று தாயிடம் சொன்னாள்.

செல்வமாரி மனு எழுதினாள். நான்கு பெயர், எட்டுத் தேதி, இரண்டிரண்டு ஊர். தான் 2016-இல் போட்ட கையெழுத்தையும் இணைத்து, 'இதை நான் திரும்பப் பெறுகிறேன். என் தங்கை கடைசி இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் வசித்தாள்' என்று எழுதி மேலே அனுப்பினாள். மூன்று மாதத்தில் விசாரணை வைத்தார்கள். நான்கு குடும்பத்துக்கும் நோட்டீஸ் போனது. இரண்டு குடும்பம் வரவில்லை. வருவாரோ மாட்டாரோ என்று அவள் பயந்த சோலைமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "எம் மக எங்க வீட்டுலதான் இருந்தா. எங்க வீட்டுலருந்துதான் போனா" என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். இரண்டே வாக்கியம். உமாதேவி பட்டியலில் ஏறிவிட்டாள். 2018-க்கு நேரே இருந்த பூஜ்யம் ஒன்றானது.

அடுத்து பாண்டிச்செல்வி. செல்வமாரியின் வாக்குமூலம் ஒன்பது பக்கம். வாசித்து முடித்ததும் விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்க. ஆனா காலையிலயே உங்க அம்மா வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா."

முப்பிடாதி என்று கையெழுத்துப் போட்டிருந்தது. முதியோர் கல்வி வகுப்பில் செல்வமாரியே கைபிடித்துப் பழக்கிய எழுத்து. 'என் இளைய மகள் மணமான நாளிலிருந்து புளியனேந்தலில்தான் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தது வலி எடுத்த அன்றைக்குத்தான்.'

வாக்குமூலங்கள் முரண்படுகின்றன என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அம்மா பஸ் ஸ்டாண்டில், ஓடைப்பேரி பஸ் நிற்கும் இடத்தில் முந்தானையில் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். செல்வமாரி உட்காரவில்லை.

"வலி எடுத்த அன்னைக்கா வந்தா?"

"ஏட்டி, சத்தம் போடாத."

"ரெண்டு மாசம் ஒன் பக்கத்துல படுத்தவ. ராத்திரி கால் வீங்கிருக்குன்னு நீதான் உப்புத் தண்ணி வச்சுக் குடுத்த."

"இசக்கிச்செல்விக்கு இது எட்டாம் மாசம்." தம்பி பெண்டாட்டியின் பெயரைச் சொன்னாள் அம்மா. "ரெண்டாவது பிள்ளை. நம்ம வீட்டுலதான் பெறணும். சீனித்தாய் கையிலதான் பெறணும். அவ வீட்டுக்கே வந்துட்டா மாரி. ஒண்ணும் மெரட்டல. தாழ்வாரத்துல உக்காந்து, 'மருமகளுக்கு ரத்தம் கம்மியா இருக்கு, நான்தான் பாத்துக்கணும்'னா. அம்புட்டுத்தான். நடு ராத்திரி வலி எடுத்தா நான் யாரு வாசல்ல போயி நிக்க? ஒன் கம்ப்யூட்டர் வந்து பிள்ளை எடுக்குமா?"

"அம்மா."

"செத்தவளுக்காவ இருக்குறவளப் பணயம் வைக்கச் சொல்லுதியா?"

"அவ எங்கன வச்சு செத்தா? யாரு மடியில செத்தா?"

முப்பிடாதியின் வாய் கோணியது. பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தாள். "எம் மடியிலதான்" என்றாள்.

"பின்ன அவ யாரு வீட்டுப் பிள்ளை?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினான். முப்பிடாதி எழுந்து, கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல் முன்னால் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் பொய் சொன்னவளை வெறுக்கக்கூட முடியவில்லை. ஒரு தாயை, செத்த மகளா, பிழைக்கவேண்டிய மருமகளா என்று கையைப் பிடித்து நிறுத்தித் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஏற்பாட்டைத்தான் வெறுக்கவேண்டும். அது செல்வமாரிக்கும் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அந்த நிமிஷத்தில் அம்மாவின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். இருபத்தெட்டு நாள் அவள் அந்தப் படிவத்தைத் திறக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் காலையில், கடையில் காத்திருந்த இரண்டு பேரை "அரை மணி நேரம் பொறுங்க அண்ணாச்சி, என் வேலை ஒண்ணு இருக்கு" என்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திறந்தாள். இறந்தவர் பெயர். வயது. இறந்த தேதி. எல்லாவற்றையும் மளமளவென்று அடித்தாள். வசித்த முகவரி என்ற இடத்தில், 'கதவு எண் 3/41, மேலத்தெரு, ஓடைப்பேரி' என்று அடித்தாள்.

ஆறாவது கட்டம்: 'எவருடைய வாக்குமூலம் பொய் என்று கூறுகிறீர்கள்? பெயர், முகவரி, உறவுமுறை தருக.'

செல்வமாரி 'முப்பிடாதி' என்று அடித்தாள். கதவு எண் 3/41, மேலத்தெரு, ஓடைப்பேரி என்று அடித்தாள். உறவுமுறை என்ற இடத்தில் விரல் நின்றது. வெளியே உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, நெட்டு இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, 'தாய்' என்று அடித்து, அனுப்பினாள்.